செத்துப்போன எக்ஸ்பியும் பதினைந்தாயிரம் ரூபாயும்

"எக்ஸ்பியா? அதெல்லாம் இன்னும் இருக்கா?" என்று கிளாஸில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். போன மாதம் எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றைத் தீர்த்து வைத்தது அதுதான்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரு காலத்தில் கூட்டாக இரும்புக்கடை நடத்தியவர்கள். 2009-இல் அப்பா கடையிலிருந்து எடுத்த 40,000 ரூபாயைத் திருப்பிக் கட்டினாரா என்பதுதான் வழக்கு. "முழுசா கட்டிட்டேன்" என்பார் அப்பா. "கணக்கைப் பாருடா" என்பார் பெரியப்பா. கணக்கு இருந்ததோ டாஸ் காலத்து மென்பொருளில். கடைக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது.

என் லேப்டாப்பில் திறக்கவில்லை. அது 16-பிட் புரோகிராம். 64-பிட் விண்டோஸ் அதை ஓட்டாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. எனவே விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, 512 எம்பி ராம் ஒதுக்கி, பெரியப்பா பில்லோடு வாங்கி வைத்திருந்த சிடியிலிருந்து எக்ஸ்பியை ஏற்றினேன். லேப்டாப்புக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்! லெட்ஜர் திறந்தது. திரும்பி வந்தது 25,000 மட்டும். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் 15,000 ரூபாயோடு பெரியப்பா வீட்டுக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தார் :-)

இதை வைத்து "எக்ஸ்பியே போதும்" என்று கிளம்பாதீர்கள் மக்களே. 2001-இல் வந்த அதற்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியபோது விதிவிலக்காக ஒரு திருத்தம் கொடுத்தார்கள். ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத வீடு அது. அதனால் நான் நெட்வொர்க்கை முழுக்கத் துண்டித்துவிட்டுத்தான் ஓட்டினேன். நீங்களும் அதில் பிரவுசரைத் திறக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், விர்ச்சுவல் மெஷின் பழைய பெட்டியைத் திறக்கும் சாவி. பெட்டிக்குள்ளேயே குடியிருக்கக் கூடாது. திறந்ததும் உள்ளே இருப்பதை டெக்ஸ்ட் கோப்பாக வெளியே எடுத்துவிட வேண்டும். நானும் அதைத்தான் செய்தேன். பிரிண்ட் எடுத்து இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128 கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது என்று பரீட்சைக்கு உருப்போடுகிறோம். வைத்திருந்தால் மட்டும் போதுமா? திறக்க முடியாத கணக்கும் தொலைந்த கணக்கும் ஒன்றுதானே? உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது பழைய ஹார்ட் டிஸ்க் கிடந்தால், அது சாவதற்குள் ஒருமுறை திறந்து பாருங்கள்.