ஐந்து குள்ளர்கள்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவுக்குப் போன மாதம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உள்ளே ஒரு சுவர் முழுக்க ஸ்னோ ஒயிட். மஞ்சள் பாவாடை, சிவப்பு ரிப்பன், கையில் ஆப்பிள். பக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு மிக்கி மவுஸ். குள்ளர்களை எண்ணினேன். ஐந்துதான். ஆறாவது ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஜன்னல் வந்துவிட்டது.

"பெயின்டர் ஜன்னலை மறந்துட்டாரு போல" என்றேன். ஆயாம்மா சிரிக்கவில்லை.

"பிள்ளைங்களும் கேக்கும் சேர். மத்த ரெண்டு பேரும் மலைக்குப் போயிருக்காங்க, பேரு போட்டுட்டு அந்திக்கு வருவாங்கன்னு சொல்லிருவேன்."

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் மலை என்றால் தேயிலை மலை, வேலைத்தலம். பேர் என்றால் ஒரு நாள் கூலி.

என் கைபேசியில் டிஸ்னி இளவரசிகளின் புதுப் படங்கள் தினமும் வந்து விழுகின்றன. சேலை கட்டிய சின்டரெல்லா, பச்சை குத்திய கடற்கன்னி, கறுப்புக் கண்ணாடி போட்ட ஸ்னோ ஒயிட். முக்கால்வாசி வெறும் உடுப்பு மாற்றம். அதே கண், அதே மூக்கு, அதே சிரிப்பு. விதிவிலக்கும் உண்டு. கனடாவில் இருக்கும் புகைப்படக் கலைஞர் டினா கோல்ட்ஸ்டீன் 2007இல் தொடங்கிய வரிசையில் ஸ்னோ ஒயிட் இடுப்பிலும் காலடியிலும் பிள்ளைகளோடு நிற்கிறாள். இளவரசன் டீவி முன்னால் சாய்ந்து கிடக்கிறான். உடுப்பு பழையதுதான். கதை மாறிவிட்டது.

கதையைத் தொட்டால் குற்றம் என்பவர்களுக்கு: கிரிம் சகோதரர்கள் 1812இல் இதை அச்சிட்டபோது பொல்லாதவள் பெற்ற தாய். 1819இல்தான் அவளைச் சிற்றன்னையாக்கினார்கள். அந்தக் குள்ளர்களுக்குப் பெயரும் கிடையாது. இன்று பிள்ளைகள் ஒப்பிக்கிற பெயர்கள் 1937ஆம் ஆண்டுப் படத்தோடு வந்தவை.

டிஸ்னிக்குள்ளேயே படத்தைத் தன் வழிக்கு மாற்றியவர்களில் எனக்குப் பிடித்த ஆள் டைரஸ் வோங். சீனாவின் குவாங்டொங்கில் 1910இல் பிறந்து, ஒன்பது, பத்து வயதில் தகப்பனோடு அமெரிக்கா போனவர். 1938இல் ஸ்டூடியோவில் சேர்ந்து, இரண்டு படங்களுக்கு நடுவே வரும் கோடுகளைப் போடும் கடைநிலை வேலையில் இருந்தார். 'பாம்பி' படத்துக்குக் காடு வரைய ஆளாளுக்கு இலை இலையாகத் தீட்டிக்கொண்டிருந்தபோது, இவர் பழைய சீன மலை ஓவியங்களின் வழியில் பனிமூட்டத்தைத் தீட்டினார். ஒரு மரம் தெரியும், பின்னால் பாதி மரம், அதற்குப் பின்னால் வெறும் வெளுப்பு. 1942இல் வந்த படத்தின் தோற்றமே அதுதான். அப்புத்தளையில் விடிகாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தவர்களுக்கு அந்தக் காடு புதிதாக இருக்காது. பெயர்ப் பட்டியலில் அவர் பின்னணி ஓவியர்களில் ஒருவர், அவ்வளவே.

இலங்கையில் வெளியூர்ப் படத்தை இப்படி நம்முடையதாக்கியவர் டைட்டஸ் தொட்டவத்த. ரூபவாஹினித் தொலைக்காட்சியில் பக்ஸ் பனி முயலை 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கினார். ஒரு கோடுகூட மாற்றாமல், குரலாலும் பேச்சாலும் அதை இந்த ஊர் முயலாக்கிவிட்டார். லயத்து வரிசை வீடுகளில் யாரோ ஒருவர் வீட்டில் கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டீவிக்கு முன்னால் நாங்கள் இருபது பேர் சிங்களத்தில் சிரித்தோம். தமிழில் அந்த முயல் எங்களுக்கு அப்போது பேசவில்லை. இன்றும் அது ஒரு குறைதான்.

ஆனால் எங்களிடம் வேறொன்று இருந்தது. மாசியில் காமன் கூத்து. பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இரவில் ரதிக்காக வளையல் போட்டுக்கொள்ளும். அரிதாரம் பூசிய அந்த முகத்தில் மீசை வழித்த பச்சை தெரியும். யாரும் அதைக் குறையாக எடுத்ததில்லை. தப்புச் சத்தம் ஏற ஏற, மன்மதன் எரிவது கைலாயத்தில் அல்ல, எங்கள் லயத்து வாசலில்தான் என்று பெண்கள் அழுவார்கள். ஒரு தோட்டத்து ரதி மாதிரி பக்கத்துத் தோட்டத்து ரதி இருக்க மாட்டாள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் பிள்ளைக்காம்பராச் சுவர் மட்டும் கொப்பிப் புத்தக அட்டையைப் பார்த்து எழுதியதாக இருக்கிறது. பெயின்டரைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த படத்தை அவர் வரைந்தார். ஸ்னோ ஒயிட்டுக்குக் கொழுந்து பறிக்கிறவர்களின் படங்கு கட்டிவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. அதுவும் உடுப்பு மாற்றம்தான்.

அடுத்த முறை சுவருக்கு வெள்ளையடிக்கும்போது, தூரிகையைத் தொடுமுன் அந்த ஆயாம்மாவிடம் பத்து நிமிடம் கதை கேளுங்கள். ஜன்னலை மூட வேண்டாம். இரண்டு குள்ளர்களும் அந்த வழியாகத்தான் மலைக்குப் போயிருக்கிறார்கள்.