பெயரும் பெறுமானமும்

அட்சரகணிதம் பயிலும் மாணவர் ஒருவரிடம் "ப = ப + 1" என எழுதிக் காட்டினால் அவர் நகைப்பார். எந்த எண்ணும் தன்னிலும் ஒன்று கூடிய எண்ணுக்குச் சமமாகாது என்பதைச் சிறு வகுப்புப் பிள்ளையும் அறியும். ஆயினும், கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் இதனையொத்த வரியை நாள்தோறும் எழுதுகின்றனர். கணினியும் முகஞ்சுளியாது ஏற்றுக்கொள்கின்றது. இரண்டிடத்தும் 'மாறி' என்ற ஒரே சொல்லை நாம் வழங்குகின்றோம். மயக்கம் பிறக்குமிடம் அதுவே.

புள்ளிவிபர ஆராய்ச்சிக்கென அமைந்த 'ஆர்' என்னும் மொழியைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம். நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபேர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990களின் தொடக்கத்தில் இதனை ஆக்கத் தொடங்கினர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1976 இல் உருப்பெறத் தொடங்கிய 'எஸ்' என்னும் மொழியே இதற்கு முன்னோடி. ஆர் மொழியின் முதலாம் முழுப் பதிப்பு 2000 பெப்ரவரி 29 இல் வெளிவந்தது. இன்று எவரும் அதனை விலையின்றிப் பெறலாம். ஏழை மாணவர்க்கு இது பெரும் வாய்ப்பு.

இம்மொழியில் ஒரு மாறிக்குப் பெறுமானம் கொடுக்க, இடப்பக்கம் நோக்கும் அம்பு ஒன்றை இடுவர். சமக்குறியையும் கணினி ஏற்கும். எனினும் அம்பே மரபு. நமக்கும் அதுவே உகந்ததாகத் தோன்றுகின்றது. ஏனெனின், சமக்குறி ஓர் உண்மையை உரைப்பது. அம்போ ஒரு கட்டளை. "ப <- ப + 1" என்றால், வலப்பக்கத்தை முதலிற் கணித்து, வந்த விடைக்கு இடப்பக்கத்துப் பெயரைச் சூட்டுக என்பதே பொருள். முன்பு ப 7 ஆயின் இப்போது 8. பழைய 7 ஐ அப்பெயர் அடியோடு மறந்துவிடும்.

பெயரிடுவதில் நம்மவர் இடறும் இடம் ஒன்றுண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. ஆங்கில எழுத்தில் உண்டு. ஒரே சொல்லை இருவகையாக எழுதினால் ஆர் மொழிக்கு அவை இரு வேறு மாறிகள்.

நிற்க. ஒரு பெயர் தனியோர் எண்ணை மட்டுமன்றி எண்களின் வரிசை ஒன்றையும் தாங்கவல்லது. ஐவரின் கணிதப் புள்ளிகளைப் 'புள்ளி' என்ற மாறியில் இடுவோம். நால்வர் பெற்றவை 62, 48, 75, 55. ஐந்தாமவர் காய்ச்சலினால் பரீட்சைக்கு வரவில்லை. அவருக்கு யாது எழுதுவது? பலர் 0 என எழுதிவிடுவர். அவ்வாறாயின் மொத்தம் 240, சராசரி 48. வந்த நால்வருக்கு மட்டும் கணித்தாலோ சராசரி 60. ஐம்பதை எல்லையாக வைத்திருக்கும் பாடசாலையில், ஒருவருடைய காய்ச்சல் வகுப்பு முழுவதையும் பின்தங்கிய வகுப்பாக்கிவிடும்.

இதற்கென 'என்ஏ' என்னும் தனிக்குறி ஒன்றை ஆர் மொழி வைத்திருக்கின்றது. 'கிடைக்கவில்லை' என்பது அதன் பொருள். இக்குறி உள்ள வரிசையின் சராசரியைக் கேட்டால், விடையும் 'என்ஏ' என்றே வரும். கணினி பழுதாயிற்றென மாணவர் எண்ணுவர். பழுதன்று, ஒன்று தெரியாதபோது மொத்தமும் தெரியாது என்கின்றது, அவ்வளவே. விடுபட்டதை நீக்கிக் கணிக்குமாறு வெளிப்படையாகப் பணித்தால் மாத்திரமே 60 என விடை தரும். அங்ஙனம் பணிப்பது எப்போதும் நியாயமென்றும் கொள்ளற்க. வராதவர் பரீட்சைக்கு அஞ்சி ஒளித்தவராயின், அந்த 60 வகுப்பைப் புகழ்ந்துரைக்கும் எண்ணாகிவிடும். வராமைக்குக் காரணம் யாதென்பது ஆசிரியருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது.

இந்த 60 ஐச் 'சராசரி' என்ற இன்னொரு மாறியில் இட்டோம் என்க. மறுநாள் விடைத்தாளை மீளப் பார்த்ததில் 48 பெற்றவருக்கு 56 கிடைக்கின்றது. 'புள்ளி'யில் அதனைத் திருத்துகின்றோம். இப்போது 'சராசரி' யாது? 62 என்பீர்கள். கணினியோ 60 என்றே சொல்லும்! விரிதாளிற் பழகியவர்க்கு இது வியப்பளிக்கும். அங்கே ஒரு கட்டத்தைத் திருத்தினால் அதனைச் சார்ந்த விடையும் உடனே மாறும். ஆர் மொழியிலே 'சராசரி' என்னும் பெயர் கணித்த வேளையிற் கிடைத்த எண்ணை மட்டும் வைத்திருக்கின்றது. அது வந்த வழியை வைத்திருக்கவில்லை. கணிக்கும் வரியை மீண்டும் ஓட்டினாலன்றி 62 வாராது.

இதனினும் கரவான இடர் ஒன்றுண்டு. ஆர் மொழியை மூடுங்கால், இதுவரை ஆக்கிய மாறிகளைச் சேமிக்கவா என அது வினவும். 'ஆம்' என்றால், அதே கோப்புறையில் மறுமுறை திறக்கும்போது பழைய பெயர்கள் யாவும் உள்ளே காத்திருக்கும். சென்ற தவணைச் 'சராசரி'யும் அவற்றுள் ஒன்று. இத்தவணைக்குரியதைக் கணிக்கும் வரி விடுபட்டுப்போயினும் கணினி பிழையென்று கூறாது. பழைய எண்ணையே எடுத்து அறிக்கையிற் பதித்துவிடும். ஆதலின் 'இல்லை' என விடையிறுத்து, எழுதிய செய்நிரலை மாத்திரம் சேமித்து, மறுநாள் முதல் வரியிலிருந்தே ஓட்டுமாறு நம் மாணவர்க்குக் கூறிவருகின்றோம்.