பழைய பெட்டி யார் மேஜையில்?

“சர்வர் டவுன், நாளைக்கு வாங்க.” வருமானச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைந்தவர்களுக்கு இது மனப்பாடம். ஒலக்கூரிலிருந்தோ மயிலத்திலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுத் திண்டிவனம் வந்தவர், அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போகிறார். சர்வர் உண்மையிலேயே படுத்துவிட்ட நாட்கள் உண்டு. சென்னையில் சர்வர் நன்றாக இருக்க, எதிரே மேஜையில் இருக்கும் பெட்டி எழுந்து நிற்கவே கால் மணி நேரம் கேட்கிற நாட்களும் உண்டு. ‘என் கம்ப்யூட்டருக்கு ஒன்பது வயசு, மாற்றித் தரச் சொல்லி எழுதியாச்சு, பதில் வரலை’ என்று எந்த ஊழியர் மனுதாரரிடம் சொல்வார்? சர்வர் மேல் பழியைப் போட்டால் மேலே இருப்பவருக்கும் வருத்தமில்லை.

அலுவலகக் கணினியை எப்போது மாற்றுவது என்று முன்கூட்டித் தீர்மானிக்காத நிர்வாகம் தன்னைச் சிக்கனமானது என்று சொல்லிக்கொள்கிறது. அந்தச் சிக்கனத்துக்கான காசு, கவுண்டருக்கு வெளியே நிற்பவரின் பையிலிருந்து போகிறது: பஸ் செலவு, போன கூலி, தேதி தாண்டிப்போன கல்லூரி விண்ணப்பம். கவனக்குறைவு என்று இதை மென்மையாகச் சொல்ல நமக்கு மனமில்லை. இது அநீதி.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நிற்கும் என்பது தொடக்கத்திலேயே குறிக்கப்பட்ட தேதி. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் பிராசஸராவது இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். 2017-க்கு முன் வாங்கிய பெட்டிகள் அநேகமாக எதுவும் இதில் தேறாது. ஆக, எந்த மெஷின் தேறும், எது தேறாது என்று கணக்குப் பார்க்க முழுதாக நான்கு ஆண்டுகள் கையில் இருந்தன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி, 2020 ஜனவரியில் விண்டோஸ் 7 என்று ஏற்கெனவே இரண்டு தடவை பட்டாயிற்று. மூன்றாவது தடவையும் ‘திடீர்னு நிறுத்திட்டாங்க’ என்றால் யார் நம்புவது?

கெடு முடிந்த பிறகும் திருத்தம் வேண்டும் என்கிற நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த விலையைப் பாருங்கள். ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரட்டிப்பு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இரட்டிப்பு. கூட்டினால் 427 டாலர். நம் பணத்தில் 36,000 ரூபாய்க்கு மேல். சாதாரணமான ஒரு புது டெஸ்க்டாப்பே ஏறத்தாழ அந்த விலைக்கு வந்துவிடும். பழசைக் கட்டி அழுவதற்குப் புதுசின் விலை!

காசும் கட்டாமல், மாற்றவும் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். திருத்தம் வராத கணினி நேற்றுப் போலவே இன்றும் ஓடும்; அதனால்தான் யாருக்கும் பயம் வருவதில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியபோது பக்கத்து ஆந்திராவில் போலீஸ் நிலையக் கணினிகள் பூட்டிக்கொண்டன. அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகளையே முடக்கி, கிரிப்டோவில் பணம் கேட்டார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்தில் சீட்டு எழுதியது. எல்லாவற்றுக்கும் பழைய கணினிதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஊரார் ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பெட்டிக்குப் பூட்டுப் போட முடியாது என்று தெரிந்த பிறகும், அதிலேயே இன்னொருவர் ஆதாரை ஏற்றுவது நம்பிக்கைத் துரோகம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் தருகிறது.

இதைவிட நமக்கு எரிச்சல் தருவது மாற்றுகிற வரிசை. மார்ச் மாதம், ஒதுக்கீடு மிச்சமிருக்கிறது என்று அவசர அவசரமாக நான்கு புதுப் பெட்டிகள் வரும். முதல் பெட்டி அதிகாரி அறைக்கு. அவர் அதில் மெயில் பார்ப்பார், கோப்புக்கு ஒப்புதல் தருவார். அவருடைய பழையது மேலாளருக்கு, மேலாளருடையது பிரிவு உதவியாளருக்கு, அவர் கழித்தது கவுண்டருக்கு. ஸ்கேனர், கைரேகைக் கருவி, பிரிண்டர், நாலைந்து இணையப் பக்கம் என்று நாள் முழுக்க இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய மேஜைக்கு, அந்த அலுவலகத்திலேயே கிழட்டுப் பெட்டி. பதவிக்குத் தகுந்த நாற்காலி என்பதை ஏற்றுக்கொள்ளலாம், அது உட்காருகிறவர் விஷயம். பதவிக்குத் தகுந்த கணினி என்றால், அதற்கு விலை கொடுப்பவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார்.

தனியாரும் சளைத்தவர்கள் இல்லை. விழுப்புரம் நேருஜி சாலையோ, திண்டிவனம் நேரு வீதியோ, எந்தக் கடைத்தெருவிலும் முதலாளி கையில் புது லேப்டாப்பும், டேலியில் பில் போடும் பெண்ணுக்குப் பாதி விசை தேய்ந்த பெட்டியும் பார்க்கலாம். ஜிஎஸ்டி தாக்கல் நாளில் அது நின்றுபோனால் திட்டு வாங்குவதும் அந்தப் பெண்தான்.

அரசு போக்குவரத்துக் கழகம் ஒன்றின் தலைமையிடம் உள்ள ஊர் விழுப்புரம். ஓடி முடித்த பஸ்ஸைக் ‘கண்டம்’ பண்ணுவது என்றால் என்னவென்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 15 வயது தாண்டிய அரசு வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்பது 2023 ஏப்ரல் முதல் விதி. கணினிக்கும் வயது சொல்லியிருக்கிறார்கள்: 2013 கம்பெனிகள் சட்டத்தின் கணக்கில் டெஸ்க்டாப்புக்கு 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு. வருமான வரித்துறை ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்க விடுகிறது. தணிக்கையாளர் கணக்கில் செத்துப்போன பெட்டி கவுண்டரில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மூன்று வருடத்தில் தூக்கிப் போடு என்று சொல்கிற கட்சி நாம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராமைக் கூட்டினால் பல பெட்டிகள் இன்னும் இரண்டு மூன்று வருடம் உழைக்கும். கடிதம் தட்டச்சு செய்யவும் பதிவேடு பார்க்கவும் மட்டும் பயன்படும் மேஜைகளில் லினக்ஸ் போடலாம். 2007 வாக்கில் அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது தமிழ்நாட்டில்தான். கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தரும் வி.ஜி.எல்.யு.ஜி. என்ற குனு/லினக்ஸ் பயனர் குழு விழுப்புரத்திலேயே இருக்கிறது. கூப்பிட்டு யோசனை கேட்க எந்த டெண்டரும் வேண்டாம். கைரேகைக் கருவியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் விண்டோஸைத்தான் கேட்கும் என்றால், அந்த மேஜைக்கு முதலில் புதுப் பெட்டி கொடுங்கள். அதிகாரி அறைக்கு லினக்ஸ் போகட்டும்.

2024 டிசம்பரை விழுப்புரம் மாவட்டம் மறக்காது. ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தபோது, அது போய்ச்சேர்ந்த வழி ரேஷன் கடை. மிக மோசமான நாளில் ஊர் முழுக்க நிற்கப்போவது ஏதோ ஒரு கவுண்டர் முன்னால்தான். (வெள்ளம் பார்த்த பிறகும் சிபியூவைத் தரையில் வைக்கிற அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டு செங்கல் வைத்துத் தூக்கவும் மேலிடத்து உத்தரவு வேண்டுமா?)

வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 31 கோடி ரூபாயில் கட்டிய மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மகிழ்ச்சி. அதே மாவட்டத்தின் சேவை மேஜைகளில் என்ன வயதுப் பெட்டிகள் இருக்கின்றன என்ற பட்டியலையும் அரசு வெளியிடட்டும். கழிக்கும் பெட்டிகள் காயலான் கடைக்குப் போகக் கூடாது, பதிவுபெற்ற நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2022 மின்கழிவு விதிகள் சொல்கின்றன. அதற்கு முன்னால் டிஸ்க்கை முழுவதும் அழித்தாக வேண்டும்.

பட்டியல் சிக்கலானதாக இருக்க வேண்டியதில்லை. வாங்கிய தேதி, உத்தரவாதம் முடியும் தேதி, திருத்தம் நிற்கும் தேதி, எந்த மேஜை, எத்தனை பேர் அதன் முன் நிற்கிறார்கள். நிதி கேட்டு எழுதும் மாதத்துக்கு முன்பே அது தயாராக இருக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் அல்ல. கடைசியாக ஒரு பத்தி: கெடு தாண்டிய பெட்டியை இந்த ஆண்டும் மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தவர் யார், எந்தக் காரணத்துக்காக. அதில் பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தாளைக் கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டட்டும்.