தெளிந்த நீரெல்லாம் தூய நீராமோ?

கண்ணுக்குத் தெளிவாயும் நாவிற்குச் சுவையாயும் இருக்கும் நீர் தூயதே என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். 1854-ஆம் ஆண்டு இலண்டனில் காலரா பரவியபோது, பிராட் தெரு அடிகுழாயின் நீரே அதற்குக் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டினார். அந்நீரின் சுவையை விரும்பித் தொலைவிலிருந்து வரவழைத்துப் பருகிய கைம்பெண் ஒருவரும் அந்நோய்க்கு இரையானார்.

நம் மாடித் தொட்டியை ஒருமுறை திறந்து பார்ப்போமா? சுவரில் பச்சைப் பாசி படர்ந்திருந்தால், வெயில் உள்ளே நுழைகிறது என்பது பொருள். ஒளியின்றிப் பாசி வளராது. வெயில் நுழையும் சந்தில் கொசுவும் தூசியும் பறவை எச்சமும் நுழையும் அன்றோ? ஆகவே மூடியைச் செப்பனிடுவதே முதல் மருத்துவம்.

அடுத்து, தொட்டியைக் காலி செய்து, பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பாசியின்மேல் மருந்தைக் கொட்டுவது வீண். குளோரின் அழுக்கோடு சேர்ந்தே செலவாகிவிடும். கிருமிகளைக் கொல்ல மிஞ்சாது.

பின்னர் 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். அதை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, மேலுள்ள தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்றுக. இரவில் கலந்தால் காலையில் பயன்படுத்தலாம். கழிவறை கழுவும் அமிலத்தோடு இத்தூளை ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும்.

அளந்து போட்டதோடு நம் கடமை முடிவதில்லை. திறந்து வைத்த தூள் ஈரம்பட்டு வீரியம் இழந்துவிடும். எனவே, சமையலறைக் குழாயில் நீர் பிடித்துச் சோதித்தல் இன்றியமையாதது. சோதனைப் பெட்டியிலுள்ள டி.பி.டி. மாத்திரையைக் கரைத்தால், குளோரின் எஞ்சியுள்ள நீர் இளஞ்சிவப்பாகும். அந்நிறத்தை அட்டையோடு ஒப்பிடுக. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. நிறமே தோன்றாவிடில், காவலாளி இல்லாத வீடு போன்றது அந்நீர்.

வீட்டில் வாந்திபேதி கண்டால் முதலில் துவள்வது கைக்குழந்தையே. தனக்கு வேண்டியதைக் கேட்க அதற்கு வாயில்லை. அதன் பொருட்டேனும், வரும் விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்தை மாடித் தொட்டிக்கென ஒதுக்குவோம்.