தாய் இருந்தும் அனாதை!
உதவப் போன வெளிநாட்டு மாணவர்களால் வந்த வினை

அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகளில் இருந்து கல்லூரி மாணவர்கள் ஏழை நாடுகளுக்குப் போகிறார்கள். ஊர் சுற்ற அல்ல, சேவை செய்ய! பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ அனாதை விடுதியிலோ சில வாரம் வேலை செய்கிறார்கள். திரும்பி வந்து, பார்த்ததை எழுதிக் கொடுத்தால் மார்க் உண்டு. "சேவை வழிக் கல்வி" என்று இதற்குப் பெயர்.

மக்கள் நலப் பணி படிக்கும் மாணவருக்கு இது நல்ல பாடம்தான். புத்தகத்தில் படித்த வறுமையை நேரில் பார்க்கலாம். அந்த ஊர்க்காரருக்கு என்ன கிடைக்கிறது? கம்போடியாவின் கதையைக் கேளுங்கள்.

விடுதிகள் பெருகின

1975 முதல் 1979 வரை போல்பாட் ஆட்சியில் கம்போடியாவில் 15 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் மாண்டார்கள். ஏராளமான பிள்ளைகள் அனாதை ஆனார்கள். அப்போது விடுதிகள் தேவைப்பட்டன.

பிறகு அமைதி திரும்பியது. விடுதிகள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை, கூடின! 2005-க்கும் 2010-க்கும் இடையே முக்கால் பங்கு பெருகி 269 ஆயின. அங்கே இருந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட 4-ல் 3 பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்.

காரணம், வெளிநாட்டுப் பணம். அங்கோர் வாட் கோவிலைப் பார்க்க வந்தவர்கள் விடுதிக்கும் வந்தார்கள். மாணவர்கள் வந்தார்கள். நன்கொடை வந்தது. நன்கொடை வாங்கப் பிள்ளைகள் வேண்டுமே! சோறு போடுகிறோம், இங்கிலீஷ் சொல்லித் தருகிறோம் என்று கிராமத்து ஏழைத் தாயிடம் கேட்டார்கள். பிள்ளை படித்தால் போதும் என்று அவளும் அனுப்பிவைத்தாள். சில விடுதிகளில், வந்தவர்கள் முன்னால் பிள்ளைகள் நடனம் ஆடவும் வேண்டியிருந்தது.

மாணவர்கள் கெட்டவர்கள் அல்ல. கைக்காசைச் செலவழித்து வந்தவர்கள். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார்கள். சில வாரத்தில் விமானம் ஏறினார்கள். பழகிய முகம் போய்விட்டதே என்று பிள்ளை ஏங்கும்போது அடுத்த கூட்டம் வந்து நின்றது. பெற்றவளைப் பிரிந்த பிள்ளைக்கு இது எத்தனையாவது பிரிவு!

அன்றே சொன்ன பாதிரியார்

இந்தச் சேவையைப் பற்றி அன்றே எச்சரித்தவர் உண்டு. அவர் இவான் இல்லிச் என்ற பாதிரியார். மெக்சிகோ கிராமங்களில் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடம் 1968 ஏப்ரலில் அவர் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்!

கொஞ்சம் கடுமையான பேச்சுதான். மொழி கற்று, மாதக்கணக்கில் தங்கி, ஊர்க்காரர் சொன்ன வேலையைச் செய்த மாணவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கம்போடிய விடுதிகளைப் பார்த்தால், பாதிரியார் சொன்னது பலித்துவிட்டது.

வீடு திரும்பும் பிள்ளைகள்

பணத்துக்காகப் பிள்ளைகளை விடுதியில் சேர்ப்பதும் நவீன அடிமைத்தனமே என்று 2018-ல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையும் இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பக் கம்போடிய அரசாங்கமும் திட்டம் வகுத்தது.

வீட்டுக்கு அனுப்புவது லேசான காரியமா? கிராமத்தைத் தேட வேண்டும். தாய்க்குப் பிழைப்பு உண்டா, பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். அனுப்பிய பிறகும் பல முறை போய்ப் பார்த்து வர வேண்டும். சில வார விருந்தாளியால் இது ஆகாது.

நாம்பென் அரச பல்கலைக்கழகத்தில் 2008-ல் சமூகப் பணிப் படிப்பு தொடங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அதற்குக் கைகொடுத்தது. இந்த முறை அமெரிக்கர்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சப் போகவில்லை. கம்போடியர்களுக்குப் பயிற்சி தரப் போனார்கள். அங்கே படித்து வெளியே வருகிறவர்கள் கிராமத்துத் தாயிடம் அவளுடைய கெமர் மொழியிலேயே பேசுகிறார்கள்.