பிஞ்சு இரத்தத்தில் கொழுப்பு: பொறுப்பு யாருக்கு?

"சின்னப் பிள்ளைக்கு ஏது கொலஸ்ட்ரால்? அது அறுபது வயதுக்காரர் வியாதியல்லவா?" என்று கேட்பவர்கள் நம்மில் ஏராளம். இந்த அறியாமைதான் ஆபத்து!

கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தனர். அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு இதய இரத்தக் குழாய்களில் நோயின் அடையாளம் இருந்தது. இது 1953-ல் வெளியான உண்மை. கொழுப்பு படிவது பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின.

பிள்ளைகளுக்கு 100 மில்லி இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 170 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. 200-ஐத் தொட்டால் அதிகம். இது வலிக்காது, காய்ச்சலாகவும் வராது. ஒல்லியான பிள்ளைக்கும் இருக்கலாம். சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது பரம்பரையாகவே வருகிறது. அவர்களுக்குப் பத்தியம் மட்டும் போதாது, மருந்தும் தேவைப்படும். எனவே குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகளின் இரத்தத்தையும் பரிசோதித்துவிடுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு? பள்ளி விட்டதும் பஃப்ஸ், அந்தியில் சமோசா, இரவில் பரோட்டா! பெருநாள் பிரியாணியைக் குறை சொல்லவில்லை. தினமும் பெருநாளாக்கிவிட்டோமே, அதுதான் குறை. சுண்டலும் வேர்க்கடலையும் மீன் குழம்பும் பழமும் நம் வீட்டுக்கு எட்டாதவையா? ஓடியாடி விளையாட ஒரு மணி நேரம் விடக் கூடாதா?

வியாபாரிகளே! பேக்கரியும் டீக்கடையும் ஹோட்டலும் நடத்துவோரில் நம்மவர்கள் கணிசம். வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதைக் குறைக்கிறது. எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் இந்தியாவில் சட்டம். திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெய்க்கும் 2018 முதல் வரம்பு உண்டு. அதிகாரி வந்தால்தான் எண்ணெயை மாற்றுவோம் என்பது நேர்மையான வியாபாரமா? நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை ஊரான் பிள்ளைக்கு விற்பது எந்த நியாயம்?

இளைஞர்களே! இரத்ததான முகாமில் முன்வரிசையில் நிற்கிறீர்கள். அடுத்த முகாமில் பெற்றோரிடம் இதையும் எடுத்துச் சொல்லுங்கள். கொடுக்கும் இரத்தம் ஓர் உயிரைக் காக்கும். சொல்லும் சொல் ஒரு தலைமுறையைக் காக்கும்!