மானத்தைவிட உயிர் பெரிது

கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்பர் ஒருவர், பல ஆண்டுக் குடியை அன்றே விட்டார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். மனைவியையே அடையாளம் தெரியவில்லை. சாமி குற்றம் என்றார் ஒருவர். "தூங்கினால் சரியாகிவிடும்" என்றேன் நான். விடிவதற்குள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே டாக்டர், "குடிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றார் அந்த அம்மாள். ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் மானம் போகுமே என்ற பயம். நான்தான் உண்மையைச் சொன்னேன்.

மது மூளைக்கு பிரேக் மாதிரி. தினமும் பிரேக் போட்டே ஓடிய மூளை, அதற்கு ஈடாக வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. திடீரென்று பிரேக்கை எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். பிறகு சித்தப் பிரமை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் லோராசிபாம் ஊசியை நரம்பில் ஏற்றினார்கள். குளுக்கோஸுக்கு முன்பே தயாமின் என்ற பி1 வைட்டமின் கொடுத்தார்கள். மருந்து அதிகமானால் மூச்சு அடங்கும். அதனால்தான் இரவு பகல் கண்காணிப்பு. சிகிச்சை இல்லாத நாளில் இந்நிலைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததுண்டு. இன்று நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. அன்பரும் பிழைத்தார்.

குடியை விடத்தான் வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் டாக்டரைக் கேட்டு விடட்டும். அரசின் 14446 என்ற இலவசத் தொலைபேசியிலும் வழி கேட்கலாம். ஊருக்கு மறைத்தாலும் டாக்டருக்கு மறைக்காதீர்கள்.